"டாக்டர், நான் சூதாடல. அது திறமைக்கான விளையாட்டு"

நீண்ட இழை. பொறுமையா கடைசி வரை படிங்க. உங்க வீட்டுக்கு இல்லைன்னாலும் உங்க தெருவுல யாராவது ஒருத்தருக்கு இது தேவைப்படும்.

2023-ல் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 34. விற்பனைப் பிரதிநிதி வேலை. ரெண்டு பிள்ளைகள். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

"டாக்டர், தூக்கமே வரல. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

ஈசிஜி எடுத்தேன். நார்மல். சுகர் நார்மல். தைராய்டு நார்மல். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட.

சிகரெட் உண்டா? இல்லை.

குடி? எப்பவாவது.

"டென்ஷனைக் குறைங்க தம்பி, ராத்திரி போன் பார்க்காதீங்க" என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. தாலிச் சங்கிலி அடகுக் கடையில். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பதினாலு மாதத்தில் ஆன்லைன் ரம்மியில் போனது ஒன்பது லட்சம். அதில் பாதி லோன் ஆப்களில் வாங்கிய கடன்.

"சூதாட்டம்னு தெரிஞ்சும் ஏன் தம்பி போனீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம்.

"டாக்டர், நான் சூதாடல. அது திறமைக்கான விளையாட்டு. கோர்ட்டே சொல்லியிருக்கு."

இந்த இழை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு என் பதில்தான். "திறமை" என்ற அந்தச் சொல்தான் அவரை உள்ளே இழுத்தது. அதே சொல்தான் அவரை வெளியே வரவிடாமலும் பிடித்து வைத்தது. இதை ஒரு மருத்துவனாக, ஆதாரத்தோடு சொல்கிறேன்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுவோம்.

ரம்மியில் பணம் இழந்து ஒருவர் உயிரை விட்டார் என்று செய்தி வந்தால் கீழே கமென்ட் பாருங்க. "பேராசைக்காரன்." "உழைக்காம சம்பாதிக்க நினைச்சா இப்படித்தான்." "நானும்தான் ஆடினேன், எனக்கு என்ன ஆச்சு?"

இப்படி எழுதுகிறவர்களுக்கு நான் ஒரு மாத்திரையின் கதை சொல்கிறேன்.

பார்கின்சன் நோய் தெரியும் இல்லையா? கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை தளர்ச்சி. மூளையில் டோபமைன் குறைவதால் வருவது. அந்தக் குறையை ஈடுகட்ட, டோபமைன் போலவே வேலை செய்கிற மாத்திரைகள் கொடுப்போம். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் என்று பெயர்கள்.

2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்த வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 11 பார்கின்சன் நோயாளிகள் கட்டுக்கடங்காத சூதாட்டத்தில் விழுந்திருந்தார்கள். 11-ல் 9 பேர் எடுத்தது பிரமிபெக்ஸோல். அதில் 8 பேரைத் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. மாத்திரையை நிறுத்தியதும் அந்த 8 பேருக்கும் சூதாட்ட வெறி போய்விட்டது.

இன்னொரு முறை படிங்க.

மாத்திரை உள்ளே போனதும் வெறி வந்தது. மாத்திரை நின்றதும் வெறி நின்றது. இதில் பேராசை எங்கே இருக்கிறது? ஒழுக்கம் எங்கே இருக்கிறது? இன்றைக்கு இந்த மாத்திரைகளை எழுதும்போது "சூதாட்ட ஆசை வந்தால் உடனே சொல்லுங்க" என்று எச்சரிப்பது எங்கள் கடமை.

ஒரு மாத்திரை திறக்கக்கூடிய கதவை, நன்றாக வடிவமைத்த ஒரு ஆப் திறக்காதா?

மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-ல்தான் சூதாட்டம் ஒரு நோயாக இடம்பிடித்தது. அப்போது அதை "உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமை" என்ற தலைப்பின் கீழ், தீவைக்கும் பழக்கம், திருடும் பழக்கம் பக்கத்தில் வைத்தார்கள். 33 வருடம் கழித்து, 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், குடி, போதைப்பொருள் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றினார்கள். எந்தப் பொருளும் உடலுக்குள் போகாத ஒரு பழக்கம் அந்த அத்தியாயத்தில் நோயாக ஏறியது அதுவே முதல் முறை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இது அடிமைத்தனங்களோடுதான் இருக்கிறது.

ஏன் மாற்றினார்கள்? குடிநோயாளியிடம் பார்ப்பதை எல்லாம் இவர்களிடமும் பார்த்தார்கள். அளவு கூடிக்கொண்டே போகிறது. நிறுத்தினால் எரிச்சல், தவிப்பு. பலமுறை நிறுத்த முயன்று தோல்வி. வீட்டில் பொய். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆட்டம். கையேட்டில் மொத்தம் 9 அறிகுறிகள். 12 மாதத்துக்குள் 4 இருந்தாலே நோய். என் நோயாளிக்கு 8 இருந்தது.

இப்போ "திறமை"க்கு வருவோம்.

மனநோய் ஆராய்ச்சி இருக்கட்டும். நல்ல மனநிலையில் இருக்கும் சாதாரண மனிதர்களை வைத்துச் செய்த ரெண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது 1975. எல்லன் லேங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்கப்பட்டது. பாதிப் பேர் தங்கள் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கையில் கொடுத்தார்கள். பிறகு "உங்க சீட்டை விக்கிறீங்களா, என்ன விலை?" என்று கேட்டார்கள்.

கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாகக் கேட்டது 1.96 டாலர்.

தானே எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர்.

பரிசு விழும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் "நான் எடுத்த சீட்டு" என்றதும் மனசு அதற்கு நாலு மடங்குக்கு மேல் விலை வைக்கிறது.

இரண்டாவது 2009. லூக் கிளார்க். அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சூதாட்ட ஆய்வு மையத்துக்கே தலைவரானார். வாழ்நாள் வேலையே சூதாட்டம் மூளையில் என்ன செய்கிறது என்று பார்ப்பது.

அவர் குழு ஒரு எளிய ஸ்லாட் மெஷின் ஆட்டத்தை, ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர்களை ஆடச் சொன்னது. சில சமயம் முழு வெற்றி. சில சமயம் முழுத் தோல்வி. சில சமயம் ஒரே ஒரு கட்டத்தில் தவறிப்போகும். "ச்சே, ஜஸ்ட் மிஸ்!"

ஜஸ்ட் மிஸ்ஸும் தோல்விதான். காசு வரவில்லை. முழுத் தோல்வியை விட அது அதிகமாகக் கடுப்பேற்றுகிறது என்று ஆடியவர்களே சொன்னார்கள். ஆனால் ஜெயிக்கும்போது மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்ததோ, ஜஸ்ட் மிஸ்ஸின் போதும் அதே பகுதிகளில் சில வேலை செய்தன. இன்னொரு ஆட்டம் ஆடும் ஆசையும் கூடியது.

இதோடு முடியவில்லை. அந்த ஆசை எப்போது கூடியது தெரியுமா? ஆடுகிறவர் தன் சின்னத்தைத் தானே தேர்ந்தெடுத்த ஆட்டங்களில் மட்டும். கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தபோது கூடவில்லை.

அதாவது, "இது என் கையில் இருக்கு" என்ற உணர்வும் "கொஞ்சத்துல போச்சு" என்ற தோல்வியும் சேர்ந்தால்தான் ஆள் விழுகிறார்.

இப்போ ரம்மி மேஜைக்கு வாங்க.

பதிமூணு சீட்டு. எதை எடுப்பது, எதைக் கழிப்பது, எல்லாம் உங்க கையில். ஒரிஜினல் சேர்ந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு சீட்டு. அதுக்குள்ள எதிராளி டிக். கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் அரும்பாடுபட்டு உருவாக்கிய இரண்டு நிலைமைகளும் ரம்மியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் தானாகவே கிடைக்கின்றன.

"அப்போ ரம்மியில திறமையே இல்லையா டாக்டர்?"

இருக்கிறது. தாராளமாக இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

லாட்டரியில் தோற்றவன் அதிர்ஷ்டத்தைத் திட்டுவான். ரம்மியில் தோற்றவன் தன்னையே திட்டுவான். "அந்த ஏழை நான் கழிச்சிருக்கக் கூடாது." தப்பு என்னுடையது என்றால் திருத்துவதும் என்னால் முடியும். திருத்த என்ன செய்ய வேண்டும்? இன்னொரு ஆட்டம். என் நோயாளி நோட்டுப் புத்தகத்தில் தன் தவறுகளை எழுதி வைத்திருந்தார். பரீட்சைக்குப் படிப்பது போல. அவரைப் பொறுத்தவரை அவர் ஒன்பது லட்சத்தை இழக்கவில்லை. பயிற்சிக்கு முதலீடு செய்துகொண்டிருந்தார்.

சரி, எல்லாரும் திறமைசாலி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கு.

ஆறு பேர், ஆளுக்கு நூறு ரூபாய். மேஜையில் 600. நடத்துகிறவர் உதாரணத்துக்கு 10 சதவீதம் எடுக்கிறார். ஜெயித்தவர் கைக்கு 540. அந்தப் பணம் முழுவதும் மறுபடி மேஜைக்கு வந்தால் அடுத்த சுற்றில் 486. பத்தாவது சுற்று முடியும்போது மிச்சம் சுமார் 209. யார் ஜெயித்தாலும் சரி, ஆறு பேரும் மேதைகளாக இருந்தாலும் சரி, 391 ரூபாய் நடத்துகிறவர் பைக்குப் போய்விட்டது. ஒரு சீட்டைக்கூட அவர் தொடவில்லை.

"பொங்கலுக்கு எங்க தாத்தா திண்ணையில ரம்மி ஆடுனாரே" என்பீர்கள். ஆடினார். சீட்டைக் கலைக்க நேரம், பிரிக்க நேரம், நடுவுல டீ. பாட்டி வந்து ஒரு சத்தம் போட்டால் ஆட்டம் கலைஞ்சிரும். பையில் இருந்த காசு தீர்ந்தால் தாத்தா எழுந்தாக வேண்டும்.

ஆப்பில் பாட்டி இல்லை. ராத்திரி மூணு மணிக்கும் மேஜை நிரம்பியிருக்கும். ஒரு ஆட்டம் முடியும் முன்பே அடுத்தது தயார். பணம் நோட்டாகக் கண்ணில் படாது, திரையில் ஒரு எண். தீர்ந்தால் யுபிஐ, பத்து விநாடி. ரெண்டு நாள் ஆடாவிட்டால் "உங்களுக்கு போனஸ் காத்திருக்கு" என்று தேடி வந்து கூப்பிடும். திண்ணை ரம்மியில் மூச்சுவிட இருந்த இடைவெளி ஒவ்வொன்றையும் யோசித்து, காசு செலவழித்து எடுத்திருக்கிறார்கள்.

இங்கே சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். "கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றாரே, அது எது?

1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நேரில் உட்கார்ந்து ஆடிய ரம்மி பற்றிய வழக்கு. ரம்மியில் திறமையே மேலோங்கியிருக்கிறது என்றார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் மன்றம் நடத்துபவர் லாபம் பார்க்கிறார் என்று நிரூபணமானால் அது குற்றமாகலாம் என்றார்கள். விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வந்தது. இரண்டாம் பாதியை ஒரு நடிகரும் வாசிக்கவில்லை.

தமிழ்நாடு 2021 பிப்ரவரியில் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அமைத்து, மறுபடி சட்டம் இயற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அமலானது. அந்த நவம்பரில் ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. காரணம் அதே சொல். திறமை.

சட்டத்துக்குத் திறமை, அதிர்ஷ்டம் என்று ரெண்டு பெட்டி இருக்கலாம். மூளைக்குள் அப்படி ரெண்டு பெட்டி கிடையாது.

2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டம்தான் இதைப் புரிந்துகொண்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. ஒரு மருத்துவனாக இந்த அம்சத்தை வரவேற்கிறேன். இதை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அங்கேயும் "திறமை" வாதம் வரும். அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

எதிர்த்தரப்பின் மூன்று வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. "பெரும்பாலானவங்க பொழுதுபோக்காத்தான் ஆடுறாங்க." உண்மை. ஆனால் வருமானம் யாரிடமிருந்து வருகிறது? ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-ல் மதிப்பிட்டது: சூதாட்ட இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம், சூதாட்டச் சிக்கல் உள்ள சிறு கூட்டத்தினுடையது. அது அந்த நாட்டு இயந்திரங்களின் கணக்கு. நம் ஊர் ஆப்களுக்கு அப்படி ஒரு கணக்கை யாராவது வெளியே வைத்தார்களா? நோயாளி குணமானால் வருமானம் குறையும் என்கிற தொழிலிடம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

இரண்டு. "பொறுப்புடன் விளையாடுங்கள்னு எச்சரிக்கை போட்டோமே." போட்டார்கள். விளம்பரக் கடைசியில், மூச்சு விடாமல் ஓடும் குரலில். இது நிதி ஆபத்து உள்ள ஆட்டம், அடிமைப்படுத்தலாம், பொறுப்போடும் சொந்த ரிஸ்க்கிலும் ஆடுங்க என்று. அடிமைப்படுத்தும் என்பதும் அவர்களே, பொறுப்பு உன்னுடையது என்பதும் அவர்களே. பொறுப்பாக முடிவெடுக்கும் திறனைத்தான் இந்த நோய் முதலில் அடிக்கிறது. கால் உடைந்தவனிடம் "கவனமா ஓடு" என்று சொல்வது போலத்தான் இது.

மூன்று. "தடை பண்ணா வெளிநாட்டு ஆப்புக்குப் போவாங்க." சிலர் போவார்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. என் நோயாளியே போனார்.

2023-ல் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். சிகிச்சை எடுத்தார். நடுவில் ஒருமுறை சறுக்கி, மறுபடி எழுந்தார். 2025 ஆகஸ்டில் தடை வந்த வாரம் அவர் மனைவி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "இனி பயமில்ல டாக்டர்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து ரெண்டு பேரும் மறுபடி வந்தார்கள். டெலிகிராமில் யாரோ அனுப்பிய லிங்க். வேறு ஆப், வேறு நாடு. இந்த முறை இழந்தது நாற்பதாயிரம். ஒரே வாரத்தில் மனைவி கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்பது லட்சம் எங்கே, நாற்பதாயிரம் எங்கே? விளம்பரம் இல்லை, நடிகர் இல்லை, பணம் போடுவதும் முன்போல சுலபமில்லை. தடைக்குப் பலன் உண்டு. ஆனால் சாராயக் கடையை மூடினால் குடிநோய் குணமாகிவிடாது. மூளைக்குள் ஏற்கெனவே விழுந்த தடம் அப்படியே இருக்கிறது. ஆட்டத்தைத் தடை செய்த அரசு, ஆடியவர்களுக்குச் சிகிச்சை எங்கே என்றும் சொல்ல வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சைப் பிரிவாவது வேண்டும். கேட்போம்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன்? ஸ்வீடனில் சூதாட்ட நோய் என்று பதிவான 2,099 பேரைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களிடையே தற்கொலை மரணம், பொது மக்களை விட 15 மடங்கு. கடன், குற்றவுணர்வு, யாரிடமும் சொல்ல முடியாத பொய். மூன்றும் ஒரே ஆளை ஒரே ராத்திரியில் நெருக்கும்.

அதனால் செய்ய வேண்டியவை.

வீட்டில் சந்தேகம் இருந்தால் இரண்டே கேள்வி கேளுங்க. 1997-ல் இருந்து உலகம் முழுக்கப் பயன்படும் கேள்விகள். "மேலும் மேலும் கூடுதல் பணம் கட்டணும்னு தோணியிருக்கா?" "எவ்வளவு ஆடுறேன்னு வீட்டுல பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா?" ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் வாங்க. கேட்கும்போது திட்டாமல் கேளுங்க.

அவர் கடனை மட்டும் மொத்தமாக அடைத்துவிட்டு, போனையும் வங்கிக் கணக்கையும் அவர் கையிலேயே விடாதீங்க. பல குடும்பங்கள் செய்யும் தவறு இது. சிகிச்சை முடியும் வரை சம்பளம், யுபிஐ, ஏடிஎம் அட்டை எல்லாம் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

சிகிச்சை உண்டு. எண்ணப்போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சை பலன் தருகிறது. சிலருக்கு மாத்திரையும் உதவும். சறுக்கினால் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. சுகர் கூடினால் மறுபடி வருவது போல மறுபடி வாங்க.

உயிரை விடும் எண்ணம் வந்தால், இந்த நிமிடமே 14416. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

சக மருத்துவர்களுக்கு ஒன்று. தூக்கமில்லை, படபடப்பு என்று இளவயது ஆள் வந்தால் சிகரெட், குடியோடு மூணாவதாக "ஆன்லைன்ல பணம் கட்டி ஆடுறீங்களா?" என்றும் கேளுங்க. முதல் முறை வந்தபோது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு மாதத்தில்தான் தாலிச் சங்கிலி போனது.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே எழுதினார். அதன் முதல் குறளில் தோற்பதைப் பற்றி எச்சரிக்கவில்லை. ஜெயிப்பதைப் பற்றித்தான் எச்சரிக்கிறார். அந்த ஜெயிப்பே மீன் விழுங்கும் தூண்டில் என்கிறார். என் நோயாளி முதல் வாரத்தில் ஜெயித்தது மூவாயிரத்து இருநூறு ரூபாய். அந்தத் தொகை மட்டும் இன்றைக்கும் அவருக்குப் பைசா சுத்தமாக நினைவிருக்கிறது.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார். பிரஷர் நார்மல். தூக்கம் பரவாயில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

"டாக்டர், நான் சூதாடிட்டேன்."

சிகிச்சை இனிதான் சரியாகத் தொடங்கும்.

பகிருங்க. யாருக்கு எந்த ராத்திரி தேவைப்படும் என்று தெரியாது.